படகிலேயே சார்ஜர் மாட்டப் போகிறீர்களா?

மதுரைப் பக்கம் கண்மாயில் மின்மோட்டார் படகு விடுபவர்கள், ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிச் சுமக்க வேண்டியதில்லை. சார்ஜரைப் படகிலேயே பொருத்திவிட்டால் கரையில் வயரை மாட்டினால் போதும். எனக்கு இடுப்பு பிடித்த பிறகுதான் இந்த யோசனை வந்தது.

100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரிக்குத் தண்ணீர் புகாத 10 ஆம்பியர் சார்ஜர் சரி. பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் அமில ஆவியும் எழும்பும். பாசிட்டிவ் வயரில், பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ்.

பலர் தவறுவது பிளக்கில்தான். உலோகப் பின் (pin) நீட்டிய முனை படகில் இருக்க வேண்டும். ஓட்டை உள்ள முனை கரை வயரில். மாற்றிப் போட்டால், கையில் பிடிக்கும் வயரின் பின்னிலேயே 230 வோல்ட் நிற்கும்! மூடியுள்ள பிளக்காக வாங்கி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள். கரையில் எர்த்தும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லையென்றால் வயரைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், நம் சித்திரை வெயில். 25 டிகிரியில் 14.4 வோல்ட் கேட்கும் பேட்டரிக்கு, 40 டிகிரியில் 14 பக்கம் போதும். சூட்டுக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் சார்ஜரா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.