ஹைபிரிட் வேலை: இரு தரப்பும் செய்யும் தவறுகள்

சில நாள் அலுவலகத்திலும் சில நாள் வீட்டிலும் வேலை செய்யும் ஹைபிரிட் முறை என்றாலே, வாரத்துக்கு எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்ற கேள்வியிலேயே பேச்சு தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. நிர்வாகம் நான்கு நாள் என்கிறது, ஊழியர்கள் இரண்டு நாள் என்கிறார்கள், கடைசியில் மூன்று நாளில் பேரம் படிகிறது. எந்த வேலைக்கு யார் யார் ஒரே அறையில் இருந்தாக வேண்டும் என்று இடையில் ஒருவரும் கேட்பதில்லை. ஹைபிரிட் முறையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

நிர்வாகங்கள் செய்யும் முதல் தவறு, காரணம் சொல்லாமல் உத்தரவு போடுவது. 'கூட்டு முயற்சி வளரும்', 'நிறுவனப் பண்பாடு காக்கப்படும்' என்று சுற்றறிக்கை வரும். எந்தப் பணி தாமதமானது, எந்தக் குழுவில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள் என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. படிக்கிறவர் தாமாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்: 'எங்கள் மேல் நம்பிக்கை இல்லை.' அவர் நினைப்பதில் உண்மையும் இருக்கிறது. 2022இல் மைக்ரோசாஃப்ட் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், ஊழியர்களில் 87 சதவீதம் பேர் தாங்கள் ஆக்கபூர்வமாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். தங்கள் குழு அப்படி வேலை செய்கிறது என்று முழுமையாக நம்பிய தலைவர்கள் 12 சதவீதம் மட்டுமே. ஒரே வேலையைப் பற்றி இரு தரப்புக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, வருகை நாட்களைக் கூட்டினால் மட்டும் அது மூடிவிடாது.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காம் 2021இல் அதைச் செய்து பார்த்தது. 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் புதன், வெள்ளி இரு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். மற்றவர்கள் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2024இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். இரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்த பிரிவில், வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளின் பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. சோதனைக்கு முன் 'வேலை கெடும்' என்று சொன்ன மேலாளர்களே, முடிந்தபின் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். இப்படி ஒரு ஒப்பீடு கையில் இல்லாமல் ஆயிரக்கணக்கானோரின் அன்றாடத்தை ஒரே மின்னஞ்சலில் மாற்றுவது எனக்குப் பொறுப்பற்ற செயலாகவே படுகிறது.

அதே ஆய்வை ஊழியர்கள் தவறாகப் பயன்படுத்துவதும் உண்டு. அது இரண்டு நாள் வீட்டு வேலையைப் பற்றிச் சொல்கிறது. வாரம் முழுவதும் வீட்டிலேயே இருப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினால், எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளர் அதைக் கவனிக்காமல் விடமாட்டார்.

அடுத்த தவறு, வருகைப் பதிவை வேலையின் அளவுகோலாக்குவது. அடையாள அட்டை எத்தனை முறை கதவில் பட்டது என்று மனிதவளத் துறை எண்ணத் தொடங்கினால், ஊழியர்களும் அதையே எண்ணத் தொடங்குவார்கள். காலையில் வந்து அட்டையைத் தொட்டு, ஒரு காபி குடித்துவிட்டு, மதியத்துக்குள் கிளம்பிவிடும் பழக்கத்துக்கு 'காபி பேட்ஜிங்' என்று பெயரே வந்துவிட்டது. அதைச் செய்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: பிடிபடும்போது போவது அவர்களுடைய பெயர் மட்டும் இல்லை, நேர்மையாக வீட்டிலிருந்து உழைக்கும் சக ஊழியரின் வாய்ப்பும்தான்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறு. அலுவலகத்தில் கூட்டம் நடக்கிறது. அறையில் ஆறு பேர், திரையில் மூன்று பேர். மேசையின் ஒரு கோடியில் ஒரே ஒரு ஒலிவாங்கி. தூரத்தில் இருப்பவர் பேசுவது திரையில் இருப்பவர்களுக்கு முணுமுணுப்பாகவே கேட்கிறது. ஒருவர் எழுந்து வெள்ளைப்பலகையில் படம் வரைகிறார். கேமரா அவருடைய முதுகைக் காட்டுகிறது. திரையில் இருக்கும் பெண் பேச வாயெடுக்கிறார், அதற்குள் அறையில் வேறொருவர் தொடங்கிவிடுகிறார். இரண்டு முறை முயன்றுவிட்டு அவர் ஒலியை அணைத்துவிடுகிறார். நேரம் முடிந்து இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அறையில் இருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்தபடியே, 'அப்படியானால் இரண்டாவது திட்டத்தையே வைத்துக்கொள்வோமா?' என்று பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள். மறுநாள் அந்தப் பெண் முதல் திட்டத்தில் வேலையைத் தொடங்குகிறார்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒருவர் திரையில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் கணினியிலிருந்தே கூட்டத்தில் சேரலாம். பலகைக்குப் பதில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஆவணத்தில் எழுதலாம். திரையில் இருப்பவரை முதலில் பேசவிடலாம். இணைப்பு துண்டித்த பிறகு எடுத்த எந்த முடிவும் எழுத்தில் வரும்வரை முடிவாகாது என்று குழு ஒத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

ஆளுக்கொரு நாளில் வருவதும் இதைப் போன்ற வீண்தான். திங்கட்கிழமை வந்தவர் செவ்வாய்க்கிழமை வருகிறவருடன் காணொளியில் பேசுவதற்காகவா அவ்வளவு தூரம் பயணம் செய்தார்? குழு மொத்தமும் ஒரே நாளில் வர வேண்டும். அந்த நாளில் திட்டமிடல், விவாதம், புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது ஆகியவையே நடக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து எழுத வேண்டிய அறிக்கையை அன்றைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

பதவி உயர்வில் நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. 2021 சோதனையில் வேறுபாடு தெரியவில்லை என்றாலும், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. புளூம் குழுவினர் அதே சீன நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் முன்பு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அந்தச் செயல்திறனுக்கு உரிய அளவில் அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. கண்ணில் படுகிறவர் நினைவில் நிற்கிறார். மேலாளர் இதைத் தெரிந்தே செய்வதில்லை என்பதால்தான் இது ஆபத்தானது. மதிப்பீட்டுக்கு உட்காரும்போது, செய்து முடித்த வேலைகளின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஊழியரும் வாரம் ஒரு முறை, எது முடிந்தது, எது எங்கே நிற்கிறது என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும்.

ஊழியர் தரப்பின் பெரிய தவறு, 'என் வேலை வீட்டில் நன்றாக நடக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்வது. அனுபவசாலிக்கு அது உண்மைதான். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவருக்கு யாரைக் கேட்பது, எதைக் கேட்டால் அசட்டுத்தனமாக இருக்காது என்பதே தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அரை நிமிடத்தில் தீரும் சந்தேகத்தைச் செய்தியாக எழுதத் தயங்கி, அரை நாள் தானே போராடுவார். மென்பொருள் பொறியாளர்களிடம் நடந்த ஆராய்ச்சி ஒன்றும் இதைக் காட்டியது: சக ஊழியர்களுக்கு அருகே உட்கார்ந்த இளையவர்களுக்கு அவர்களுடைய நிரல்களின் மேல் கூடுதலான கருத்துகள் கிடைத்தன, சொல்லிக்கொடுக்க நேரம் செலவிட்டதால் மூத்தவர்களின் சொந்த வேலை சற்றுக் குறைந்தது. அந்த இழப்பை மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நிர்வாகம், மூத்தவர்கள் வருவதில்லை என்று குறைசொல்ல முடியாது.

வாய்மொழி உறுதியை நம்பி வீட்டை மாற்றுவது, குழந்தைப் பராமரிப்பை அமைத்துக்கொள்வது ஆகியவையும் வேண்டாம். கொள்கைகள் மாறும். அமேசான் 2023இல் வாரம் மூன்று நாள் என்றது, 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாள் என்று மாற்றியது. இத்தனை நாள் வீட்டிலிருந்து, இந்தத் தேதிவரை, மாற்றுவதானால் இத்தனை மாத முன்னறிவிப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகங்களும் முன்னறிவிப்பைச் சலுகையாக நினைக்கக் கூடாது. அவசர உத்தரவால் முதலில் வெளியேறுகிறவர்கள், வேறு இடத்தில் எளிதாக வேலை கிடைக்கக்கூடியவர்கள்.

விதிவிலக்குகளைப் பொறுத்தவரை, நோயுற்ற பெற்றோரைக் கவனிக்கிறவரும் உடல் ஊனமுள்ளவரும் ஒவ்வொரு மேலாளரிடமும் தம் கதையைப் புதிதாகச் சொல்லி மன்றாடும் நிலை இருக்கக் கூடாது. யார் விண்ணப்பிக்கலாம், எத்தனை நாளில் பதில் வரும், மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்ற மூன்றையும் கொள்கையிலேயே எழுதிவைக்க வேண்டும்.