தலை பின்னும்போது பேசினால் போதும்

எட்டு வயது மகளை எதிரில் உட்காரவைத்து ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று ஆரம்பித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாடம் நடத்தினால் எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்? பேச்சைத் தலை பின்னும் நேரத்துக்கு மாற்றினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் அவளுக்குக் கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

அறிவுரையை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டேன். “வேன் அண்ணா சாக்லேட் கொடுத்து, அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னா என்ன பண்ணுவே?”

கொஞ்சம் யோசித்தாள். “சாக்லேட்டைச் சாப்பிட்டுட்டு உன்கிட்ட சொல்லிடுவேன்.”

சரி, சொல்வதுதான் முக்கியம் என்றேன். பிறந்தநாள் பரிசு மாதிரி சீக்கிரமே எல்லோருக்கும் தெரியப்போவதை மறைக்கலாம். யாரிடமும் எப்போதும் சொல்லாதே என்று சித்தப்பாவே சொன்னாலும் மறைக்கக் கூடாது. இது அவளுக்கு உடனே பிடிபட்டது.

விருந்தாளிக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்துவதையும் வீட்டில் நிறுத்தினோம். மாமியாருக்கு வருத்தம்தான். வணக்கம் சொன்னால் போதும் அத்தை என்றேன். வீட்டிலேயே ‘வேண்டாம்’ சொல்லிப் பழகாத பிள்ளை வெளியில் எப்படிச் சொல்லும்?

இப்போது கேள்விகள் அவளிடமிருந்தே வருகின்றன. வயதுக்கு வருவது என்றால் என்ன என்று போன வாரம் கேட்டாள். கர்ப்பப்பையில் தொடங்கி நாப்கின் வரை சொன்னேன்.

அவள் தம்பிக்கும் இதே பேச்சுதான். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்; ஆனாலும் பல வீடுகளில் பையன்களிடம் யாரும் வாய் திறப்பதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருவருக்கும் மனப்பாடம். 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், பிள்ளைகளே அழைக்கலாம்.