மாதிரிக் காருக்கு உலோக உதிரிகளைக் கையால் செய்யும் முறை

1:24 அளவில் ஒரு மாதிரிக் காரைச் செய்யும்போது, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் உதிரிகளில் பல, இருக்க வேண்டியதைவிடத் தடிமனாகவே இருக்கும். முன்பக்கக் கிரில், வைப்பர், கதவுக் கைப்பிடி, கார்புரேட்டரின் காற்றுக் குழல் ஆகியவை உண்மைக் காரில் மெல்லியவை. பிளாஸ்டிக்கை அந்த மெலிவுக்கு வார்ப்பது கடினம், வார்த்தாலும் தொட்டவுடன் ஒடிந்துவிடும். அதே இடத்தில் 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி நேராகவும் உறுதியாகவும் நிற்கும். அதற்காகக் காரின் எல்லா உதிரிகளையும் உலோகத்தில் செய்ய வேண்டும் என்பதில்லை. மெலிவோ, கூரிய விளிம்போ, உண்மையான உலோகப் பளபளப்போ தேவைப்படும் உதிரிகளைத் தேர்ந்தெடுத்துச் செய்தாலே போதும்.

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. சிறிய உதிரியை அதன் மூலத் தகட்டிலிருந்தோ கம்பியிலிருந்தோ கடைசியில்தான் வெட்டிப் பிரிக்க வேண்டும். துளையிடுதல், அரம் போடுதல், வளைத்தல், மெருகேற்றுதல் ஆகியவற்றில் முடிந்தவரை அனைத்தையும், கையால் பிடிக்கத்தக்க நீளம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். 3 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டைச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு அரம் போட முயல்பவருக்கு அந்தத் துண்டு கையில் நிற்பதே அரிது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு முறையும் இந்த விதியிலிருந்தே பிறக்கிறது.

முதல் வேலை அளவெடுப்பது. உண்மை அளவை மி.மீ.யில் எழுதி 24ஆல் வகுத்தால் மாதிரியின் அளவு கிடைக்கும். எம்8 போல்ட்டின் அறுகோணத் தலை எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 13 மி.மீ. இருக்கும், மாதிரியில் அது 0.54 மி.மீ. 7 மி.மீ. தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் ஒயர் 0.3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். சக்கர வளையத்தின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். 15 அங்குல வளையம் என்றால் 381 மி.மீ., அதாவது மாதிரியில் 15.9 மி.மீ. என்று கணக்கிட்டு அதையே வெளிவிட்டமாகக் கொள்கிறார்கள். ஆனால் அந்த 15 அங்குலம் டயர் அமரும் இடத்தின் விட்டம். வெளியே தெரியும் விளிம்பு அதற்கு மேல் இரு பக்கமும் ஏறத்தாழ 17 மி.மீ. உயர்ந்திருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் விட்டம் மாதிரியில் 17.3 மி.மீ. அளவில் வரும். ஒன்றரை மி.மீ. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். காரின் தோற்றத்தையே அது கெடுத்துவிடும்.

உலோகங்களில் பித்தளையே முதல் தேர்வு. அது எளிதில் வெட்டுப்படும், அரத்துக்கு இணங்கும், சால்டரை (உருக்கி உலோகத் துண்டுகளைப் பற்றவைக்கும் கலவையை) நன்றாக ஏற்கும். குரோம் பூச்சுப் போலத் தெரிய வேண்டிய உதிரிகளுக்கு ஜெர்மன் சில்வரைப் பரிந்துரைக்கிறேன். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த இந்தக் கலவையை மெருகேற்றினால் மேலே எந்தப் பூச்சும் இல்லாமலேயே வெண்மையாக மின்னும். பித்தளையைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால், ஒரு மூலையைப் பற்றவைக்கும்போது அடுத்த மூலை எளிதில் அவிழ்ந்துவிடாது. அலுமினியம் கடைசலுக்கு நல்லது. ஆனால் அதன் மேல் நொடியில் படியும் ஆக்சைடு படலம் சாதாரண சால்டரை ஒட்டவிடாது. அலுமினிய உதிரிகளை ஒட்டியோ திருகியோதான் இணைக்க வேண்டும்.

கடையில் வாங்கும் பித்தளைக் குழாயும் கம்பியும் பெரும்பாலும் இறுகிய நிலையில் இருக்கும். கூர்மையாக வளைக்கவோ விரிக்கவோ வேண்டுமானால் முதலில் அவற்றைக் காய்ச்சி இளக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில், மங்கிய சிவப்பு தெரியும்வரை சூடாக்கி விட்டுவிட்டால் போதும். நீரில் போட்டாலும் தானாக ஆறவிட்டாலும் பித்தளைக்கு ஒன்றுதான். எஃகைப் போல அது நீரில் இறுகுவதில்லை. அலுமினியத்துக்கு இந்த முறை ஆகாது, ஏனென்றால் 660 டிகிரி செல்சியஸில் அது நிறம் மாறிக் காட்டாமலேயே உருகிவிடும். அதன் மேல் சோப்பைத் தேய்த்துச் சூடாக்கி, சோப்பு கருகிக் கறுத்தவுடன் தீயை எடுத்துவிட வேண்டும். வளைக்க வளைக்க உலோகம் மீண்டும் இறுகும் என்பதால், கையில் எதிர்ப்பு கூடுவது தெரிந்தால் மறுபடியும் காய்ச்சுவது நல்லது.

கருவிகள் அதிகம் வேண்டாம். நகை வேலைக்கான மெல்லிய வாள், ஊசி அரங்கள், 0.3 முதல் 2 மி.மீ. வரையான டிரில் பிட்டுகளும் அவற்றைப் பிடித்துக் கையால் சுழற்ற உதவும் ‘பின் வைஸ்’ என்ற சிறு பிடியும், வெர்னியர் காலிப்பர், சாமணம், தட்டை வாய்க் குறடு, சிறிய வைஸ், வெப்பத்தைக் கட்டுப்படுத்தத்தக்க சால்டரிங் அயர்ன் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதி வேலையை முடிக்கலாம். லேத் இருந்தால் நல்லதுதான். ஆனால் அது இல்லாமல் தொடங்கக் கூடாது என்று எண்ணுவது வீண். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதை மட்டும் எந்த வேலையிலும் தவிர்க்கக் கூடாது; மெல்லிய வாளின் பல்லும் டிரில் பிட்டும் ஒடியும்போது எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

தகட்டை வெட்டும்போது, தகட்டின் தடிமனுக்குள் குறைந்தது இரண்டு பற்களாவது அமையும் அளவுக்கு நெருங்கிய பல்லுள்ள வாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு பல்லிடையில் சிக்கி வாள் ஒடியும். தகட்டின் மேல் மார்க்கரால் நிறம் பூசிவிட்டு, கூரிய ஊசியால் கோடு கீறினால் கோடு பளிச்சென்று தெரியும். கோட்டின் மேலேயே வெட்டாமல் சற்று வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் கோடுவரை கொண்டுவர வேண்டும். துளையிட வேண்டிய இடத்தில் ஊசி முனையால் ஒரு சிறு குழி பதித்து, தகட்டின் அடியில் கெட்டியான மரத்துண்டு வைத்து, அழுத்தாமல் பிட்டைச் சுழற்ற வேண்டும். துளை முடியும் தறுவாயில் பித்தளை பிட்டைக் கவ்வி இழுக்கும். மரத்துண்டு இருந்தால் அந்த இழுப்பு பெரிதும் குறையும்.

இனி, இரண்டு உதிரிகளைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

முதலாவது, பந்தயக் கார்களின் கார்புரேட்டர் மேல் தெரியும் விரிந்த வாய்க் காற்றுக் குழல். வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்புரேட்டரின் துளை விட்டம் 40 மி.மீ.; மாதிரியில் 1.67 மி.மீ. வெளியே 2 மி.மீ., உள்ளே 1.6 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய் இதற்குப் பொருந்தும். குழாயை நீளமாகவே வைத்துக்கொண்டு அதன் முனையை மட்டும் காய்ச்ச வேண்டும். கெட்டி மரக் கட்டையில் 2 மி.மீ. துளையிட்டு, அந்தத் துளையின் நடுவே செல்லுமாறு வாளால் ஒரு பிளவு போட்டு, குழாயை அதில் செருகி வைஸில் இறுக்கினால் குழாய் நசுங்காமல் நிற்கும். முனை 1 மி.மீ. வெளியே தெரிந்தால் போதும். கூம்பாக அரம் போட்டு வழவழப்பாக்கிய எஃகுக் கம்பியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு, முனைக்குள் வைத்துச் சுழற்றியபடியே மெல்ல அழுத்தினால் வாய் விரியத் தொடங்கும். 2.6 மி.மீ. வரை விரிக்க வேண்டுமானால் இடையில் ஒருமுறை மீண்டும் காய்ச்ச வேண்டியிருக்கும். விளிம்பில் மயிரிழைப் பிளவு தென்பட்டால் உலோகம் போதுமான அளவு இளகவில்லை என்று பொருள். அந்த முனையை வெட்டி நீக்கிவிட்டு மறுபடியும் தொடங்குவதே சரி.

குழாயைப் பிரிக்கும்போது உள்ளே 1.6 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைச் செருகி, கத்தி விளிம்பின் கீழ் உருட்டி வெட்டினால் அது வட்டம் குலையாமல் அறுபடும். எல்லாக் குழல்களும் ஒரே உயரத்தில் இருப்பது இங்கே மிக முக்கியம், ஏனென்றால் வரிசையில் நிற்கும் குழல்களில் ஒன்று கால் மி.மீ. உயர்ந்தாலும் கண் அதில்தான் போய் நிற்கும். அதற்கு, குழலின் நீளத்துக்குச் சமமான தடிமனுள்ள எஃகுத் தகட்டில் 2 மி.மீ. துளையிட்டு, குழலை மேலிருந்து அதில் இறக்க வேண்டும். விரிந்த வாய் துளையின் மேல் தங்கிக்கொள்ளும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தகட்டின் மட்டத்துக்கு அரம் போட்டுவிட்டால் எத்தனை குழல் செய்தாலும் நீளம் ஒன்றாகவே வரும்.

இரண்டாவது, நெருங்கிய கம்பிகள் கொண்ட கிரில். ஒவ்வொரு கம்பியாக அளந்து வைத்துப் பற்றவைத்தால் இடைவெளி ஒருபோதும் சமமாக வராது. அதற்கு மரை போட்ட போல்ட்டே மிகச் சிறந்த அளவுகோல். எம்4 போல்ட்டின் மரை இடைவெளி 0.7 மி.மீ.; உண்மைக் காரில் அது ஏறத்தாழ 17 மி.மீ. இடைவெளிக்குச் சமம். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் எம்3 போல்ட்டில் 0.5 மி.மீ. கிடைக்கும். ஒரு மரச் சட்டத்தில் இரண்டு போல்ட்டுகளை இணையாக, கிரிலைவிடச் சற்று அதிக இடைவெளியில் பொருத்தி, இளக்காத 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை இரண்டின் மேலும் மரைக்குள் அமருமாறு இறுக்கமாகச் சுற்ற வேண்டும். முன்பக்கக் கம்பிகள் சற்றுச் சாய்ந்து தெரிந்தால் ஒரு போல்ட்டை மட்டும் மெல்லத் திருப்பலாம். மரை நகர நகரக் கம்பிகள் நேராகிவிடும், சாய்வு முழுவதும் பின்பக்கக் கம்பிகளுக்குப் போய்விடும்.

பின்பு முன் அடுக்குக்கும் பின் அடுக்குக்கும் இடையில் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகி, அதன் மேல், முன்பே வளைத்து மூலை பற்றவைத்த கிரில் சட்டத்தை வைத்து, முன்பக்கக் கம்பிகளைத் தொடுமாறு உயர்த்த வேண்டும். சட்டத்தில் மட்டும் ஃப்ளக்ஸ் (சால்டர் உலோகத்தைப் பற்ற உதவும் பொருள்) தடவி, கம்பி சட்டத்தைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் கடுகைவிடச் சிறிய சால்டர்த் துணுக்கை வைத்து அயர்னால் தொட்டு எடுக்க வேண்டும். எல்லா இணைப்பும் ஆறிய பிறகே சட்டத்துக்கு வெளியே நீளும் கம்பிகளை வெட்டி விளிம்பை அரம் போட வேண்டும். சால்டர் பரவக் கூடாத இடத்தில் முன்னதாகவே பென்சிலால் தேய்த்துவிட்டால், அந்தக் கரிக் கோட்டைச் சால்டர் தாண்டாது.

பல துண்டுகள் சேர்ந்த உதிரிகளில், புதிய இணைப்பைச் சூடாக்கும்போது பழைய இணைப்பு அவிழ்வதே பெரிய சிக்கல். உருகுநிலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போவதே இதற்குத் தீர்வு. முதல் இணைப்புகளுக்கு 221 டிகிரியில் உருகும் வெள்ளீயம்–வெள்ளிக் கலவையையும், அடுத்தவற்றுக்கு 183 டிகிரியில் உருகும் 63/37 வெள்ளீயம்–காரீயக் கலவையையும் பயன்படுத்தலாம். முடிந்த இணைப்புகளின் மேல் ஈரப் பஞ்சு வைப்பதும் உதவும். காரீயம் கலந்த சால்டரோடு வேலை செய்யும்போது காற்றோட்டம் இருக்க வேண்டும்; வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதே நாளில் உதிரியையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், ஏனென்றால் எஞ்சிய ஃப்ளக்ஸ் பின்னாளில் பெயின்டுக்கு அடியிலிருந்து பச்சையாகக் கசியும்.

வைப்பர் போன்றவை எளிது. 0.4 மி.மீ. கம்பியின் முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அரத்தால் ஒழுங்குபடுத்தி, வளைத்து, கடைசியில் வெட்டினால் வைப்பரின் கை தயார்.

மெருகேற்றும்போது உப்புத்தாளை விரலால் தேய்க்காமல், தட்டையான குச்சியில் ஒட்டித் தேய்க்க வேண்டும். விரல் கூரிய விளிம்புகளை மழுக்கிவிடும், விளிம்பு மழுங்கினால் உலோகத்தில் செய்ததன் பயனே போய்விடும். 400, 600, 1000, 2000 என்ற எண்ணுள்ள தாள்களில் வரிசையாக ஏறி, இறுதியில் மெட்டல் பாலிஷ் இட்டால் போதும். பெயின்ட் அடிக்க வேண்டிய உதிரிக்கு முதலில் உலோகத்தைப் பற்றும் எட்ச் பிரைமர் அடிப்பது அவசியம்.

காரில் பொருத்துவதற்கான வழியை, உதிரியை வரையும்போதே தீர்மானித்துவிட வேண்டும். ஒவ்வொரு உதிரியின் பின்னாலும் 0.5 மி.மீ. கம்பியில் ஒரு சிறு காலைப் பற்றவைத்து, காரின் உடலில் அதே அளவில் துளையிட்டுச் செருகினால், பசை வெளியே தெரியாது, உதிரியும் இடம் பிசகாது. உடலுக்குப் பெயின்ட் அடித்த பிறகு துளை சற்று அடைபட்டிருக்கும். பின் வைஸில் அதே பிட்டைப் பொருத்தி, கையாலேயே சுழற்றித் துளையைத் திறந்துகொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்சிப் பசையே ஏற்றது, ஏனென்றால் இடத்தைச் சரிசெய்ய அது அவகாசம் தரும். உடனடிப் பசையின் ஆவி பக்கத்திலுள்ள பளபளப்பான பெயின்டிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படலமாகப் படியக்கூடும்.