பைத்தன்ல கன பைலை ஒரேயடியா அழிக்கிறது, நிலாவெளி போகாம

உப்புவெளியில நான் போட்டோ எடிட்டிங் செய்யிற இடத்தில ஒரு போல்டருக்குள்ள ஆயிரக்கணக்கில படம் கிடக்கும், டெஸ்ட் சொட், சின்னனாக்கின கொப்பி எல்லாத்தையும் ஒண்டொண்டா தெரிஞ்சு அழிக்க வெளிக்கிட்டா விடிஞ்சிடும், அதால பைத்தன் எண்ட நிரல் மொழியில நாலு வரி எழுதி வச்சிருக்கிறன்.

முதல்ல ஒண்டு விளங்கோணும். ஓஎஸ் (os) மொடியூலில, அதாவது பைத்தனோட வாற கட்டளைத் தொகுதியில, இருக்கிற றிமூவ் (remove) ஒரு நேரத்தில ஒரு பைலைத்தான் அழிக்கும், அதுக்கு * போட்டுக் குடுத்தா எரர்தான் வரும். நட்சத்திரம் விளங்கிறது குளொப் (glob) மொடியூலுக்கு. அது பொருந்திற பேர் எல்லாத்தையும் லிஸ்டா எடுத்துத் தரும், அந்த லிஸ்டை போர் லூப்பில (ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யிற வரி) விட்டு ஒவ்வொண்டா றிமூவுக்குக் குடுங்கோ, அவ்வளவுதான் வேலை. * எண்டா எத்தினை எழுத்தும் வரலாம், ஒண்டும் வராமலும் விடலாம். ? எண்டா கட்டாயம் ஒண்டு. [0-9] எண்டா ஒரு இலக்கம்.

ஆனா றிமூவ் பண்ணினது றீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரா போயிடும். ராவில எடுத்த நிலாப் படங்களுக்கு நிலா_1, நிலா_2 எண்டு பேர் வச்சிருந்தன், அதுகளை அழிக்க நிலா* எண்டு போட்டன், நிலாவெளிக் கடற்கரையில எடுத்த கல்யாணப் படமும் சேர்ந்து போயிட்டுது. நிலா_* எண்டு அந்த அடிக்கோட்டையும் போட்டிருந்தா தப்பியிருக்கும். பிறகு கமராக் கார்டில இருந்து கொஞ்சத்தை மீட்டன், எல்லாம் வரேல்ல. அண்டையில இருந்து லூப்புக்குள்ள முதல் தரம் றிமூவ் எழுதுறேல்ல, பேரைத் திரையில காட்டுற பிறிண்ட் (print) தான், வாற பேரையும் எண்ணிக்கையையும் கண்ணால பார்த்திட்டுத்தான் மாத்துவன். நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ.

உள்போல்டருக்குள்ளயும் தேடோணுமெண்டா ** போட்டு றிகர்சிவ் (recursive) எண்டதை ட்ரூ (True) ஆக்கோணும். போல்டரும் லிஸ்டில வரும், றிமூவ் அதில எரர் அடிக்கும், அதால ஓஎஸ் டொட் பாத்தில (os.path) இருக்கிற இஸ்பைலால (isfile) பைல்தானா எண்டு பார்த்து விடுங்கோ. புள்ளியில தொடங்கிற மறைஞ்ச பைலை * தொடாது.

தமிழில பேர் வைக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. மூதூர் எண்டது எங்களுக்கு மூண்டு எழுத்து, ஆனா பைத்தனுக்கு ஆறு, ஏனெண்டா ம, ூ, த, ூ, ர, ் எண்டு யூனிகோட் (கணினி எழுத்துகளுக்கு இலக்கம் குடுக்கிற முறை) பிரிச்சுத்தான் வச்சிருக்கு. அதால ??? போட்டா மூதூர் அம்பிடாது, ஆறு கேள்விக்குறி வேணும். கோணேசர் கோயில் படம் வச்சிருந்தா இன்னும் கவனம், கோ எண்டதை சில இடத்தில க, ே, ா எண்டு மூண்டா உடைச்சு சேமிச்சிருக்கும், கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும், நீங்கள் எழுதின தேடல் வடிவம் (பற்றேர்ன்) பொருந்தாது. தமிழ்ப் பேருக்கு ? பாவிக்கிறதை விட்டுட்டு, பேருக்குப் பின்னால வாற அடிக்கோட்டையும் இலக்கத்தையும் பிடிக்கிற மாதிரி *_[0-9]* எண்டு எழுதி, பிறிண்ட் பண்ணிப் பாருங்கோ.