ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நிலைத்து ஓடவில்லை: பழைய டர்போ காரில் கோளாறைப் பிடிக்கும் வழி

என்னிடம் இருப்பது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 20 வால்வு, 150 குதிரைத்திறன். போன ஏப்ரலில் சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் முதல் தடவை ஆஃப் ஆனது. காலையில் எந்தத் தொந்தரவும் இருக்காது. அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடானபின் சிக்னலில் நின்றால் ஆர்.பி.எம். முள் 850-இலிருந்து 500-க்கு இறங்கும், வண்டி நடுங்கும், அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அடுத்த சிக்னலில் மறுபடி அதே கதை.

நான்கு மாதம் இதோடு போராடினேன். பிளக் மாற்றினேன், ஒரு இக்னிஷன் காயில் மாற்றினேன், ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள் என்று டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினேன். கடைசியில் காரணம் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துப் பழைய 1.8 டர்போ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மற்ற பழைய டர்போ கார்களிலும் அடிப்படை இதேதான்.

பேட்டரி, டெர்மினல், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எப்படி அணைகிறது என்று கவனியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் இதை மட்டும் செய்யுங்கள். அணையும் விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் அணைந்து, மீட்டரில் சாவிப் படம் மின்னினால் அது இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு). சாவியை ஈ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கணினி) அடையாளம் காணவில்லை. இன்ஜினைக் குடைய வேண்டாம், இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று ஆஃப் ஆகி, கால் மணி நேரம் ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.யு.வுக்குச் சொல்வது) மேல் சந்தேகப்படுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறதா? சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தும் முள் விழுகிறது என்றால் சிக்னல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். முள் விழாமல் இன்ஜின் மட்டும் செத்தால் பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பாருங்கள். என் காரில் அதன் தலையில் 409 என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே சால்டர் விரிசல் விட்டால் சூட்டில் தொடர்பு போகும்.

வேகமாக மிதித்துவிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டு கிளட்ச்சை அழுத்தும் அந்த நொடியில் அணைகிறது என்றால் டைவர்ட்டர் வால்வு, அதாவது ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிச்ச டர்போ காற்றைத் திருப்பிவிடும் வால்வு. "புஷ்" சத்தத்துக்காகக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வு போட்டிருக்கிறீர்களா? அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். உள்ளே வந்த காற்றை எம்.ஏ.எஃப். சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) ஏற்கெனவே எண்ணிவிட்டது. எண்ணிய காற்றை நீங்கள் வெளியே விட்டுவிடுகிறீர்கள், ஈ.சி.யு.வோ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது, இன்ஜின் மூச்சுத் திணறி அணைகிறது. எம்.ஏ.எஃப். வைத்த காரில் அந்த வால்வு எனக்குப் பிடிப்பதே இல்லை. பாஷ் 710என் டைவர்ட்டர் வால்வு போட்டு, காற்றைப் பழையபடி டர்போவின் வாய்க்கே திருப்பிவிடுங்கள்.

மெதுவாக நடுங்கி, தள்ளாடி அணைகிறது என்றால் காற்று அல்லது பெட்ரோல். என் கார் இந்த வகை. கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் இதற்குத்தான்.

படி 2: ஸ்கேனர்

ரிச்சி தெருவில் கிடைக்கும், காரில் செருகும் சாதா ப்ளூடூத் அடாப்டரும் போன் ஆப்பும் பாதி வேலைக்குப் போதும். இந்தக் குடும்பத்து காரை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வி.சி.டி.எஸ். (இந்தக் கார்களுக்கென்றே உள்ள ஸ்கேனர்) வாங்கிவிடுங்கள். அந்தச் செலவு ஒரே வருடத்தில் திரும்பிவிடும். த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் தட்டு) செட்டிங் செய்யச் சாதா அடாப்டரால் முடியாது.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு காரியம்: சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி, வெளியே 29 டிகிரி என்றால் அதுவும் 29-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். மைனஸ் 40 என்றோ 80 என்றோ காட்டினால் சென்சாரை மாற்றுங்கள். அதன் விலை குறைவு.

என் காரில் பதிந்திருந்த கோளாறுக் கோட் 17544. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. இதைப் பார்த்துத்தான் பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். நானும் கேட்காமல் தலையாட்டினேன். லீன் என்றால் பெட்ரோல் குறைந்திருக்கலாம், எண்ணாத காற்று எங்கோ கூடுதலாக நுழைந்தும் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தப் பார்ட்டும் வாங்காதீர்கள்.

படி 3: பெட்ரோலா, காற்றா? (இங்கேதான் நான் மாட்டினேன்)

ஃபியூல் ட்ரிம் என்று ஒரு எண் வரும். ஈ.சி.யு. தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் ஒரு தடவை குறியுங்கள். பிறகு 2500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிடம் பிடித்து இன்னொரு தடவை குறியுங்கள்.

ஐடிலில் அதிகம், ரேஸ் செய்தால் குறைகிறது என்றால் ஏர் லீக். ஓட்டை ஒரே அளவுதான். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டை பெரிய பங்கு எடுத்துக்கொள்கிறது. ரேஸ் செய்யும்போது அதே ஓட்டை ஒன்றுமில்லாமல் போய்விடும். மாறாக, ரேஸ் செய்யச் செய்ய எண் ஏறினால் பம்ப், ஃபில்டர், அல்லது குறைத்து எண்ணும் எம்.ஏ.எஃப்.

எனக்கு ஐடிலில் +18, 2500-இல் +7. பம்ப் மாற்றிய பிறகும் அதே எண்கள்தான் வந்தன. ஆக, பம்ப் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்த +7 என்னை ஒரு வாரம் குழப்பியது. இப்போது பங்க்கில் போடுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. சுத்த பெட்ரோலில் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 போதும். அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருப்பதால் இந்த வயசு காரில் ட்ரிம் சில சதவீதம் ப்ளஸ்ஸில் நிற்பது சகஜம். அதைத் துரத்திக்கொண்டு அலையாதீர்கள்.

செலவே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். இந்த இன்ஜினில் திறந்த உடனே தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று புகுந்துகொண்டிருக்கிறது. என் கார் அசையவே இல்லை.

படி 4: புகை

கார்ப் கிளீனரை அங்கங்கே அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பது பலர் சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூடான டர்போ பக்கம் பட்டால் தீப்பிடிக்கும். அதோடு, மேலே மட்டும்தான் அடிக்க முடியும். என் ஓட்டை இருந்தது இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அடியில்.

உள்ளே புகையை விட்டால் அது ஓட்டை வழியாக வெளியே வரும். புகை மெஷின் இருக்கிற ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். சாம்பிராணிப் புகையை ஊதிவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். அதன் பிசின் த்ராட்டில் தட்டிலும் சென்சாரிலும் ஒட்டும். மினரல் ஆயில் புகைதான் சரி.

எம்.ஏ.எஃப்.புக்குப் பின்னால் வரும் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். அளவெடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் பி.வி.சி. எண்ட் கேப் கிடைக்கும். முதல் தடவை நான் புகையை இந்த முனையிலிருந்தே விட்டேன். பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை, லீக்கே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது புகை அந்தப் பக்கம் போக நேரமாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டுக்குள் நேராக விடுங்கள். அழுத்தம் மிகக் குறைவாக, 1 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கட்டும். அதிகமானால் ஆயில் சீல் வெளியே தள்ளிக்கொள்ளும்.

அப்போதும் ஆறிய இன்ஜினில் புகை வரவில்லை. இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி செய்தேன். மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெல்ல வளைத்தேன். மூன்றாவது ஹோஸை வளைத்ததும் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு கிளம்பியது. சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தால் பிரீதர் ஹோஸின் (இன்ஜினின் ஆயில் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) அடிப்பக்கத்தில் நீளவாக்கில் வெடிப்பு. இருபது வருட ரப்பர், உள்ளே ஆயில் ஆவி, வெளியே மே மாத வெயில். ஆறியிருக்கும்போது இறுகி மூடிக்கொள்ளும், சூட்டில் இளகித் திறக்கும். காலையில் நன்றாக ஓடியதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

புகை சைலன்சர் வழியாகக் கொஞ்சம் வந்தால் பயப்படாதீர்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கலாம்.

படி 5: மாற்றுவது

ஜி.பி. ரோட்டில் ஹோஸ் வாங்கும்போது கடைக்காரரே கேட்டார்: "தண்ணி ஹோஸா, ஆயில் ஹோஸா தம்பி?" நல்ல கேள்வி. தண்ணீர் ஹோஸ் போட்டால் ஆறு மாதத்தில் ஊறி உப்பிவிடும். கலர் கலராக வரும் சாதா சிலிக்கான் ஹோஸும் ஆயில் ஆவிக்கு ஆகாது. "ஆயில்தான் அண்ணே, பிரீதருக்கு" என்று சொல்லி வாங்கினேன். உலோகத் துண்டுகளைப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் தாராளமாக வாங்கலாம், ரப்பரை மட்டும் பழசில் வாங்காதீர்கள்.

அதே இடத்தில் ஒரு செக் வால்வு இருக்கும். ஐடிலில் இன்ஜின் ஆவியை மேனிஃபோல்டுக்குள் விடும், டர்போ அழுத்தம் வரும்போது மூடிக்கொள்ளும். துடைத்துவிட்டு ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். என்னுடையதில் இரண்டு பக்கமும் போனது, அதையும் மாற்றினேன்.

கடைசியாக ஸ்கேனரில் கோளாறுக் கோட்களை அழித்துவிட்டு த்ராட்டில் அடாப்டேஷன் (முன்பு சொன்ன த்ராட்டில் செட்டிங்). இன்ஜின் ஆஃப், சாவி ஆன், வி.சி.டி.எஸ்.ஸில் பேசிக் செட்டிங்ஸ், குரூப் 060. த்ராட்டில் கிரீச்சிட்டு ஆடி நிற்கும், திரையில் முடிந்தது என்று வரும். அதுவரை ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள்.

இப்போது ஏசி போட்டு, ஃபேன் சுற்ற, சிக்னலில் நின்றால் ஐடில் ட்ரிம் +7, 2500-இல் +6. முள் 850-இல் நிற்கிறது.

சேர்த்தது, நவம்பர்: வேளச்சேரியிலிருந்து ஒருவர் எழுதினார். மழை பெய்த மறுநாள் மட்டும் அவர் கார் அணைகிறதாம், ஏர் லீக் எதுவும் இல்லையாம். இந்தக் கார்களில் ஈ.சி.யு. வைப்பருக்கு அடியில் உள்ள தொட்டியில் இருக்கிறது. வேப்பிலை அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வடியாமல் அங்கேயே தேங்கும். அவருடையதில் கனெக்டர் பின்களில் பச்சை பிடித்திருந்தது. மழைக்காலத்துக்கு முன் அந்த வடிகால் ஓட்டைகளைக் கையால் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று: பிரீதர் ஹோஸை மாற்றியும் ட்ரிம் இறங்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். இருவருக்கும் டிப்ஸ்டிக் குழாயின் மேல்முனையில் இருக்கும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் புனல் உடைந்திருந்தது. சூட்டில் அது பிஸ்கட் போல நொறுங்கும். ஆயில் அளவு பார்க்கும் இடத்தில் காற்று புகும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் பிரீதர் வழியாக அந்தக் காற்றும் எண்ணப்படாமல் மேனிஃபோல்டுக்குத்தான் போகிறது. டிப்ஸ்டிக்கை ஆட்டிப் பாருங்கள், லூசாக ஆடினால் புகை மெஷினைத் தேடும் முன் அந்தப் புனலை மாற்றுங்கள்.