மேட்ரிக்ஸ் ஸ்விட்சரை டெல்நெட் கமாண்டால் இயக்குவது எப்படி?

ரேக்கில் இருக்கும் மேட்ரிக்ஸ் ஸ்விட்சரின் (பல வீடியோ, ஆடியோ இன்புட்களில் எதையும் எந்த அவுட்புட்டுக்கும் திருப்பிவிடும் கருவி) முன்பக்கப் பட்டன்களைத் தினமும் போய் அழுத்துவது யாருக்கும் சரிப்படாது. டச் பேனலோ ஸ்கிரிப்டோ நெட்வொர்க் வழியாகச் சில எழுத்துகளை அனுப்பினால் போதும், சிக்னல் மாறிவிடும். இங்கே எக்ஸ்ட்ரான் நிறுவன மேட்ரிக்ஸ்களின் எஸ்ஐஎஸ் (அந்நிறுவனக் கருவிகளுக்கான கமாண்ட் மொழி) கமாண்டுகளை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி தேவைப்படும் கமாண்டுகள் எல்லாம் எண்ணும் குறியும் மட்டும்தான், கையால் தட்டிப் பார்ப்பது சுலபம். கியூ, எல்எஸ் என்று தமிழில் எழுதியிருப்பவற்றைக் கருவிக்கு ஆங்கில எழுத்தாகவே அனுப்ப வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் முன் கையால் பேசிப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் தொடக்க ஐபி 192.168.254.254. லேப்டாப்புக்கு 192.168.254.10, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்து, முதலில் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் டெல்நெட்டில் (நெட்வொர்க் வழியாகக் கருவியோடு எழுத்தில் பேசும் முறை) போர்ட் 23-ஐத் திறக்கலாம். இணைந்ததும் காப்புரிமை வரி, மாடல் பெயர், ஃபர்ம்வேர் எண் எல்லாம் தானாக வந்து விழும். பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதையும் கேட்கும். யூசர் பாஸ்வேர்டோடு நுழைந்தால் சில அமைப்புகளை மாற்ற முடியாது, ஈ24 (E24) என்ற பிழைக் குறியோடு திருப்பிவிடும்.

இன்புட் 1-ஐ அவுட்புட் 3-க்கு அனுப்ப:

1*3!

அவ்வளவுதான். என்டர் தட்டத் தேவையில்லை, ஆச்சரியக்குறி வந்ததுமே கமாண்ட் நிறைவேறிவிடும். 'அவுட்03 இன்01 ஆல்' என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் திரும்பி வரும். வீடியோ மட்டும் மாற ! குறிக்குப் பதில் %, ஆடியோ மட்டும் மாற $. பேசுபவரின் மைக் ஒலி அப்படியே இருக்க, திரையில் படம் மட்டும் மாற வேண்டும் என்றால் 1*3% என்பதுதான் சரி. 1*! என்றால் இன்புட் 1 எல்லா அவுட்புட்டுக்கும் போகும். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு எண்ணைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். 0*3! அவுட்புட் 3-இன் இணைப்பைத் துண்டிக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேட்ரிக்ஸில் 3! என்று அனுப்பினால் அது கேள்வி: அவுட்புட் 3-இல் இப்போது எந்த இன்புட் ஓடுகிறது? பதிலாக ஓர் எண் வரும். ஆனால் ஒரே அவுட்புட் உள்ள சாதாரண ஸ்விட்சருக்கு அதே 3! ஆணை, இன்புட் 3-க்கு மாறிவிடும். ஒரு கருவிக்கு எழுதிய ஸ்கிரிப்டை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப்போட்டால், நிலையைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு படத்தையே மாற்றிவிடுவீர்கள்.

ஒரே நேரத்தில் பல இணைப்புகள் மாற வேண்டும் என்றால் கமாண்டுகளை அடுத்தடுத்து அனுப்பினால் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். எல்லாம் ஒன்றாக மாற, எஸ்கேப், பிறகு +கியூ, பிறகு 1*3!1*4!2*5!, கடைசியில் என்டர். எஸ்கேப் என்பது 27-ஆம் எண் பைட். அதை அனுப்ப வழியில்லாத மென்பொருளில் எஸ்கேப்புக்குப் பதில் டபிள்யூ எழுத்தும், என்டருக்குப் பதில் | குறியும் செல்லும். அடிக்கடி பயன்படுத்தும் அமைப்பைப் 5-ஆம் எண் பிரீசெட்டாகச் சேமிக்க 5, என்றும் மீட்டெடுக்க 5. என்றும் அனுப்புங்கள். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் ஒரு விரல் தூரம்தான். மாற்றித் தட்டினால், சேமித்து வைத்த அமைப்பின் மேல் இப்போதைய அமைப்பு எழுதப்பட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

இனி ஸ்கிரிப்ட். பாஷ் ஷெல்லில் இந்தக் கமாண்டுகளின் மூன்று குறிகளும் தொல்லை தருபவை. * குறியை ஷெல் கோப்புப் பெயராக விரிக்கப் பார்க்கும். இரட்டை மேற்கோளுக்குள் ! இருந்தால், நேரடியாகத் தட்டும்போது பழைய கட்டளை வரலாற்றைத் தேடக் கிளம்பிவிடும். எழுத்துகளை வெளியிடும் பிரின்ட்எஃப் கட்டளையில் % வந்தால் அது வடிவக் குறியாகிவிடும். அதனால் எப்போதும் ஒற்றை மேற்கோள், பிரின்ட்எஃப்புக்கு முதலில் '%s' வடிவம் (இதில் எஸ் சிறிய ஆங்கில எழுத்து என்று சொல்லத் தேவையில்லை), அடுத்து '1*3%' என்று தனியாகக் கொடுங்கள். நெட்வொர்க்குக்கு எழுத்துகளை அனுப்பும் நெட்கேட் நிரலுக்குப் பைப் செய்தால், அனுப்பி முடித்த கையோடு சில பதிப்புகள் இணைப்பை மூடிவிடும், பதில் வரி உங்கள் கண்ணில் படாது. அனுப்பும் முன் ஒரு நொடி, அனுப்பிய பின் ஒரு நொடி ஸ்லீப் வைத்தால் இந்தப் பிரச்சினை தீரும்.

பைத்தான் போன்ற மொழியில் சாக்கெட் திறந்து எழுதுவது இன்னும் நல்லது. முதலில் வரும் வரவேற்பு வரிகளைப் படித்துத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கமாண்டின் பதில் என்று அதைத்தான் எடுத்துக்கொள்வீர்கள், அதன்பின் ஒவ்வொரு பதிலும் ஓர் இடம் தள்ளியே நிற்கும். டிசிபியில் ஒரு பதில் இரண்டு துண்டாகவும் வரலாம். எனவே கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் இரண்டும் வரும்வரை சேர்த்து, வரியாகப் பிரியுங்கள். ஒரு பதில் வந்த பிறகே அடுத்த கமாண்ட். மாடலைப் பொறுத்து அவுட்3 என்றும் வரும், அவுட்03 என்றும் வரும். எழுத்துச் சரமாக ஒப்பிடாமல் எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள்.

பிழை என்றால் பதில் ஈ எழுத்தில் தொடங்கும். ஈ01 இல்லாத இன்புட், ஈ12 இல்லாத அவுட்புட், ஈ10 கருவிக்குப் புரியாத கமாண்ட், ஈ11 தவறான பிரீசெட் எண். ஈ22 மட்டும் வேறு ரகம்: கருவி வேலையாக இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பலாம். மற்றவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

சரியான பதில் வந்தும் திரை கறுப்பாக இருந்தால்? அந்தப் பதில் சொல்வது இணைப்பு மாறியதை மட்டுமே, படம் போய்ச் சேர்ந்ததை அல்ல. எஸ்கேப், 0எல்எஸ், என்டர் அனுப்பினால் எந்த இன்புட்டில் சிக்னல் இருக்கிறது என்று 1, 0 என வரிசையாகச் சொல்லும். அங்கே 1 இருந்தும் படம் இல்லை என்றால் எச்டிசிபி (நகல் தடுப்புப் பூட்டு), இடிஐடி (திரை தன் திறனைச் சொல்லும் தகவல்) பக்கம் பாருங்கள், கமாண்டைக் குறை சொல்லாதீர்கள்.

சும்மா இருக்கும் இணைப்பை 5 நிமிடத்தில் கருவி துண்டித்துவிடும். நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒருமுறை கியூ அனுப்புங்கள், ஃபர்ம்வேர் எண் பதிலாக வரும், இணைப்பும் உயிரோடு இருக்கும். டெல்நெட்டில் பாஸ்வேர்ட் மறைப்பில்லாமல் போகும் என்பதால், ஸ்விட்சரைத் தனி விலேனில் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) வையுங்கள். புதிய மாடல்களில் போர்ட் 22023 வழியாக எஸ்எஸ்எச் (மறைகுறியாக்கிய இணைப்பு) உண்டு, இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வீடியோஹப் ஸ்விட்சருக்கு மாறுகிறவர்கள் போர்ட் 9990-ஐத் திறக்க வேண்டும். அங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்கும், அவுட்புட்தான் முதலில் வரும். இங்கே 1*3! என்பது அங்கே ரூட்டிங் தலைப்பு வரிக்குக் கீழே 2 0 என்று ஆகிவிடும். கடைசியில் ஒரு வெற்று வரி அனுப்பாவிட்டால் ஏசிகேவும் (ஏற்பு) வராது, என்ஏகேவும் (மறுப்பு) வராது. கருவி மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.