பூனைக்குக் கால் டோலோ கொடுக்கலாமா?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம்மவர்கள் இருக்கும் கட்டடங்களில் தெருப்பூனைக்கும் நாய்க்கும் யாராவது ஒருவர் சோறு வைத்துவிடுவார். சோறோடு நிற்காமல் வைத்தியத்தில் இறங்கும்போதுதான் வம்பு. "சின்ன உடம்புதானே, கால் மாத்திரை போதும்" என்று ஒரு கணக்குப் போடுகிறோம். மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி அந்தப் பிராணியின் கல்லீரலில் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

டோலோ 650-ஐயே பாருங்கள். அதிலுள்ள பாராசிட்டமாலில் பெரும்பகுதியோடு நம் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கொஞ்சம்தான் நச்சாக மாறும்; அதைக் கல்லீரலிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அடக்கிவிடும். பூனைக்கோ அந்தக் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதிக்கான மரபணுவே பழுது. காலங்காலமாக மாமிசமே தின்றதால் செடிகொடிகளின் நச்சை முறிக்கும் தேவை இல்லாமல் போய்விட்டது என்று கருதுகிறார்கள். நச்சு சேர்ந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்க, ரத்தம் பழுப்பேறி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு நீலம் பாரிக்கும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். காய்ச்சலுக்குக் குழந்தைக்கு எழுதித் தருவது ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அந்த 10 மில்லிகிராமிலேயே விஷம் ஏறிய பூனைகள் உண்டு. நாலு கிலோ பூனைக்குக் கால் டோலோ என்றால் கிலோவுக்கு 40!

நாய்க்குப் பிடரியில் விடும் உண்ணி மருந்தில் மிச்சமிருப்பதைப் பூனைக்கு விடுவதும் இதே வகைத் தவறுதான். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

சரி, நாய்? எதையும் செரித்துவிடும் என்று நம்புகிறோம். நம் சமையல் அதற்கு அவ்வளவு தோதானதில்லை. வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. காரணம் டார்டாரிக் அமிலம் என்று சந்தேகிக்கிறார்கள். புளியிலும் அது ஏராளம், புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் உண்டு. மிஞ்சிய புளியோதரையை வைக்காதீர்கள். வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் கொடுத்தால் குடலில் புண்ணும் சேரும்.

ஒரு பிராணிக்கு ஒத்துக்கொண்ட மருந்து இன்னொன்றுக்கு எமனாவதற்குப் பெரிய உதாரணம் மாடும் பாறு கழுகும். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அப்புறம் பார்த்தால், மாற்றாகப் புழங்கிய அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள்ளேயே டைக்ளோஃபினாக்காக மாறிவிடுகிறது. அதற்கும் 2023இல் தடை வந்தது. மலபார் ஹில்லில் பார்சிகள் பாறுகளை நம்பி இறந்தவர்களின் உடல்களை வைத்த மௌன கோபுரங்களுக்கு இப்போது அவை வருவதில்லை.

மாத்திரையைக் கொடுத்தே விட்டீர்களா? பால் ஊற்றுவதால் பயனில்லை, அது பாராசிட்டமாலை முறிக்காது. உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது அதைவிட மோசம். ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே கொல்லும். முறிமருந்து அசிட்டைல்சிஸ்டீன், அதையும் சீக்கிரம் ஏற்றினால்தான் பலன். பரேல் விலங்கு மருத்துவமனைக்கோ பக்கத்து கால்நடை டாக்டரிடமோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துப்போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.